நட்சத்திரப் பெயர் கேட்டு ஓடிய நாய்

எழுத உட்கார்ந்ததே தப்போ என்று முதல் வரியிலேயே தோன்றுகிறது. பத்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் பேனா எடுத்தது மொய்க் கவரில் பெயர் எழுதுவதற்குத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கத் தெரியாதவள் நான். ஒரு நாட்டு நாயைப் பற்றி எழுதி அடுத்தவர் நேரத்தை வாங்கிக்கொள்ள உனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுதப்போவதில்லை, நாயின் பெயரைக்கூட.

எங்கள் வீடு கேரளத்தில் வடகரப்பதிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. பின்னால் தென்னந்தோப்பு. முன்னால் இரும்புக் கேட்டைத் திறந்தால் தார் ரோடு. கல்லும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல்களைத் தாண்டினால் பகவதி கோயில். வீட்டிலிருந்து பார்த்தால் கோயில் தெரியாது, ஆனால் அங்கே நடப்பதெல்லாம் காதில் விழும்.

கேரளத்துக் கோயில்களில் வெடி வழிபாடு என்று ஒன்று உண்டு. பிள்ளை பாஸானால், மாடு நல்லபடியாகக் கன்று போட்டால், முழங்கால் வலி நின்றால் பகவதிக்கு வெடி வைப்பார்கள். கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அதை மைக்கில் வாசிப்பார். இன்னார், ரோகிணி நட்சத்திரம், வெடி ஒன்று. வாசித்த கையோடு, கோயிலுக்குப் பின்னால் இரும்புக் குழாயில் மருந்தை இடித்து வைத்துக்கொண்டு நிற்பவர் திரியைக் கொளுத்துவார். கதினா என்று அந்தக் குழாய்க்குப் பெயர். அது வெடித்தால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் அதிகம், வெடியும் அதிகம்.

அந்தத் திரியைக் கொளுத்துபவர் என் வீட்டுக்காரர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மில்லில் இருந்தார். மில் மூடியபின் கொஞ்ச காலம் தோப்பையே சுற்றிச் சுற்றி வந்தார். அப்போதுதான் இந்த நாய் வந்தது. தேங்காய் லோடு ஏற்ற வந்த லாரியின் பின்னாலேயே ஓடிவந்த பொட்டைக் குட்டி, லாரி போன பிறகும் போகவில்லை. அவர் தட்டிலிருந்து சோறு தின்று வளர்ந்தது. அவர் கட்டிலுக்கு அடியில் படுக்கும். டீக்கடைக்கு அவர் போனால் கூடவே போய், கடைக்கு வெளியே காத்திருந்து, கூடவே வரும். எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

கோயில் வேலை கிடைத்ததும் எல்லாம் மாறியது. வெடிச் சத்தம் முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அது காதை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆனால் அவர் உடம்பிலும் சட்டையிலும் மருந்து வாசனையோடு வீட்டுக்கு வரத் தொடங்கியபின், அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதாக நாய் நினைத்ததோ என்னவோ. அவரைப் பார்த்தால் வாலை ஒடுக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடியது.

"ஏ புள்ள, என்னையப் பாத்து இந்த ஓட்டம் ஓடுது பாரு. நான் என்ன போலீசா?" என்று முதலில் சிரித்தார். பிறகு மோட்டார் ரூமிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு, பம்பில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரத் தொடங்கினார். அப்போதும் அது கிட்டே வரவில்லை. கொஞ்ச நாளில் அதைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது மட்டும் ஒரு உருண்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். எழுந்திருக்கும்போது அதைத் தானே எடுத்துத் தின்றுவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெடிக்குப் பயந்து கேட்டுச் சந்தில் நுழைந்து நாய் ரோட்டுக்குப் பாய்ந்துவிட்டது. டிப்பர் ஒன்று கிறீச்சென்று நின்றது. டிரைவர் இறங்கி என்னைப் பார்த்துப் பேசியதை இங்கே எழுத முடியாது. நாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தது, அடிபடவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன். என் கையில் அதன் நெஞ்சு அடித்த வேகம் இன்னமும் ஞாபகம் இருக்கிறது. கோயிலில் இருந்தவருக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் கேட்டுச் சந்தைக் கம்பி வைத்துக் கட்டினார்.

மாதத்துக்கு ஒருமுறை மலை மேல் ஏலப்பாறையிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் தேங்காய் எடுக்க வேன் கொண்டுவருவார். அங்கே எஸ்டேட்டில் கடை வைத்திருப்பவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அந்தத் தடவை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் திடீரென்று, "இந்த நாயை உங்க ஊருக்குத் தாட்டி விட்டுரலாமுன்னு பாக்கறன்" என்றார்.

"அதுக்கென்னண்ணே, குடுங்க. நம்ம கடையில கெடக்கட்டும். அங்ஙன சத்தம்னு என்ன இருக்கு? காலையில எஸ்டேட் சைரன் ஒண்ணு ஊதுவான். மத்தபடி தேயிலை வளர்ற சத்தந்தான்."

"பாவம். இங்க கிடந்து சாகறதுக்கு அங்க போயி நல்லா இருக்கட்டும்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"இப்ப வண்டியில எடமில்லண்ணே. அடுத்த லோடுக்கு வரும்போது ஏத்திருவோம்."

சைரனும் சத்தம்தானே என்று எனக்குத் தோன்றியது. அங்கே பயந்து ஓடினால் தேயிலைக்குள் புகுந்து தேடப்போவது யார்? கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று முழுக்க என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்து தோப்புக்குப் போனேன், தோப்பில் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வந்தேன். நாய் என் பின்னாலேயே வந்தது. அவரை விட்டு விலகிய பிறகு அதற்கு நான்தான். அவர் கோயிலுக்குப் போனால் வீட்டில் என்னோடு பேச்சுத்துணை அது ஒன்றுதான். யாரிடமும் பேசாத நான் அதனிடம் மட்டும் நிறையப் பேசுகிறேன் என்பது, அது போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

மறுவாரம் மிருகாசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண், மலையாளி. நான் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னதில் பாதி எனக்கே கேட்கவில்லை.

"சேச்சி, கொறச்சு ஒறக்கெப் பறயூ" என்று சிரித்தார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பயப்படும் சத்தத்தை மிகச் சின்னதாகக் கேட்கவைத்து, அந்த நேரத்தில் அதற்குப் பிடித்ததைத் தின்னக் கொடுக்க வேண்டுமாம். அது பயப்படாத அளவுக்குத்தான் சத்தம் வைக்க வேண்டும், மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும், அவசரப்பட்டால் பழையபடி ஆகிவிடும் என்றார். போனில் வெடிச்சத்தம் கிடைக்கும், அதை வைத்துப் பாருங்கள் என்றார்.

போனில் வைத்தேன். தீபாவளி, பூரத் திருவிழா, யுத்தம் என்று என்னென்னவோ வெடித்தது. நாய் போனை முகர்ந்து பார்த்தது, ஒருமுறை நக்கியது. பயமே இல்லை. இதற்கா ஆசுபத்திரி வரை போனேன் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி கட்டிலுக்கடியில் போய் நடுங்கியது.

அதற்கடுத்த நாள் காலை டிவியில் ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், நாய் என் பக்கத்தில் விழுந்த துருவலைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. மகம் நட்சத்திரக்காரர்களுக்கு இன்று வரவு என்று டிவிக்காரர் சொன்னார். நாய் துருவலை விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. டிவியை நிறுத்தினேன். சித்த நேரம் கழித்து வெளியே வந்தது. நானே மெதுவாக, "பூரம் நட்சத்திரம்" என்றேன். வாய்க்குள் முனகியது போலத்தான். காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன.

அதுவரை நான் நினைத்திருந்தது, வெடி வெடிப்பதற்கு முன்பே அது நடுங்குவது நாய்க் காது கூர்மை என்பதால் என்று. அப்படியில்லை. மைக்கில் நட்சத்திரம் கேட்டால் அடுத்து இடி விழும் என்று அது பாடம் படித்து வைத்திருந்தது. அதற்குப் பாதிப் பயம் அந்த வார்த்தையிலேயே வந்துவிடுகிறது. அப்படியென்றால் நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்றைக்கே தொடங்கினேன். கருவாட்டைச் சுட்டுச் சின்னச் சின்னதாகப் பிய்த்து மடியில் வைத்துக்கொள்வேன். அசுவதி நட்சத்திரம் என்று முணுமுணுப்பேன், ஒரு துண்டு கொடுப்பேன். பரணி நட்சத்திரம், இன்னொரு துண்டு. முதலில் வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் தின்றது. பிறகு நின்று தின்றது. பிறகு நான் வாயைத் திறந்தாலே உட்கார்ந்துகொண்டது. முணுமுணுப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. சின்ன வயதில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் நான் உள்ளேன் ஐயா சொல்வது அவருக்குக் கேட்காமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார்.

கஷ்டம் சத்தத்தைக் கூட்டும்போதுதான் வந்தது. மைக் அளவுக்கு இல்லாவிட்டாலும் தோப்பின் அந்தக் கோடியில் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்காவது நான் கத்த வேண்டும். யாரும் இல்லாத மத்தியான நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கத்திப் பார்த்தேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். நாய் பரவாயில்லை, கருவாட்டைத்தான் பார்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுவிட்டது. "ஏனுங்கக்கா, திருவாதிரை, புனர்பூசம்னு கத்தறீங்களே, எந்த நட்சத்திரத்துக்கு மாப்பிள்ளை தேடறீங்க?"

எனக்கு முகமெல்லாம் சூடானது. "நாய்க்குங்க" என்றேன்.

"நாய்க்கா! அப்ப நல்ல எடமாப் பாருங்க. நம்ம ஊட்டுக் கடுவன் நாய் ஒண்ணு சும்மாதான் சுத்துது."

ரெண்டு நாள் கத்தவில்லை. ஆனால் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் வேன் வரும் நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். கூடவே சாக்கின் மேல் கவிழ்த்து வைத்த அலுமினிய வாளியை மத்தால் ஒரு தட்டு. நட்சத்திரம், தட்டு, கருவாடு. மறுபடி மெல்ல மெல்லக் கூட்டினேன். சாக்கை எடுத்தேன். வாளியைச் சிமென்ட் தரையில் வைத்தேன்.

ஒரு நாள் மோட்டார் ரூம் பக்கம் ஆள் நிற்பது தெரிந்தது. வீட்டுக்காரர் ஈரத் தலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"கத்தறதுதான் கத்தற, அந்தக் குமாஸ்தா மாதிரி மூக்குல பேசோணும். அப்பத்தான் அதுக்குத் தெரியும்" என்றார். அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "விசாகம் நக்ஷத்ரம், வெடி ஒண்ணே" என்றார். அச்சாக அதே குரல். நாய் எழுந்து என் காலுக்குப் பின்னால் வந்து நின்றது, ஆனால் ஓடவில்லை. நான் வாளியைத் தட்டினேன். கருவாடு தின்றது.

"ஏனுங்க, அனுப்ப வேண்டாமுங்க" என்றேன். அதைச் சொல்ல அத்தனை நாள் ஆயிற்று.

"வாளி வேற, வெடி வேற" என்றார். "ரோட்டுக்கு ஓடி அடிபட்டா, அதை என் கையால அள்ளீட்டு வர முடியாது எனக்கு."

வேன் வருவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அவருடைய தங்கை பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்திருந்தாள். நல்ல மனசு, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். நான் வாளி தட்டுவதையும் நாய் அசையாமல் உட்கார்ந்து தின்பதையும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக் குதித்தாள்.

"நங்கை, பலிச்சிருச்சுங்க!" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

"என்ன பலிச்சது?"

"போன மாசம் அண்ணன் போன்ல சொல்லி அழாத குறையாப் பேசுச்சு. அப்பவே பகவதிக்கு வேண்டிக்கிட்டேன். நாய்க்குப் பயம் தெளிஞ்சா பதினோரு வெடின்னு."

நான் அவளையே பார்த்தேன். "வெடியா?"

"பின்ன? பகவதிக்கு வெடிதானே வேண்டுவாங்க." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் யோசித்தாள். "ஐயோ. ஆனா வேண்டினதைச் செய்யாம இருக்கக் கூடாதுங்களே. இப்பத்தான் தெளிஞ்சு போச்சே, என்னாகப் போவுது!" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவசரப்பட்டால் எல்லாம் பாழாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். தோப்பில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, நில்லு என்ற ஒரு சொல் வரவில்லை. அவள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள், கேட்டைச் சாத்தாமலே.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட் திறந்து கிடப்பது கண்ணில் பட்டது, சாத்த ஓடினேன். பாதி வாசல்கூடப் போகவில்லை, மைக் கரகரத்தது. கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள் அல்லவா? வழிபாடு நாய்க்கு. அவள் நாயின் பெயரையே கொடுத்திருக்கிறாள். நட்சத்திரத்துக்கு எங்கே போவது, வாயில் வந்த அனுஷத்தைச் சொல்லியிருக்கிறாள். குமாஸ்தா அதை மலையாளத்தில் மூக்கால் வாசித்தார். எங்கள் நாயின் பெயர், அனிழம் நட்சத்திரம், வெடி பதினொன்று.

வீட்டு வாசலில் நின்ற நாய் தன் பெயரைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. அதன் கண் திறந்திருந்த கேட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் கேட்டுக்கும் அதற்கும் நடுவில் நின்றேன். டிப்பர் ஒன்று போனது. முதல் வெடி வெடித்தது.

நாய் பாய்ந்தது. "அசுவதி நட்சத்திரம்!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று தெரியவில்லை. அது என் காலருகில் வந்து நின்றுவிட்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மடியில் மிச்சமிருந்த கருவாட்டை நீட்டினேன். வாங்கவில்லை. மூக்கருகில் வைத்தேன். நாக்கில் பட்டதும் விழுங்கியது.

அடுத்த வெடி வரவில்லை.

பதினோரு வெடி என்றால் படபடவென்று வரிசையாகக் கொளுத்திவிடுவார்கள். அதுதான் வழக்கம். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. நான் அந்த இடைவெளியில் போய்க் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டேன். திரும்பி வந்து அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பரணி நட்சத்திரம் என்றேன், கருவாடு கொடுத்தேன். அதன் பிறகுதான் இரண்டாவது வெடித்தது. மறுபடி நீண்ட இடைவெளி. மூச்சு வாங்கி, கார்த்திகை சொல்லி, கொடுத்து, அது தின்று முடிக்கிற அளவுக்கு நேரம். பிறகு மூன்றாவது.

அவர்தான். நாயின் பெயர் மைக்கில் கேட்டபோது திரியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தாரோ தெரியாது. அன்றைக்கு நின்று பார்த்த என் கருவாட்டுக் கணக்குக்குக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள் போல. குமாஸ்தாவின் குரல் ஊரெல்லாம் கேட்டது. "எந்தா சேட்டா தாமசம்? வேகம் கொளுத்து, ஆளு நிக்குன்னு." என்ன தாமதம், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. என் வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. அடுத்த வெடியும் தாமதமாகத்தான் வந்தது.

நடுவில் எனக்கு எண்ணிக்கை தப்பியது. கருவாடும் தீர்ந்துவிட்டது. வெறும் விரலை நீட்டினேன், நக்கியது. பக்கத்து வீட்டுக்காரி வேலியில் வந்து நின்றாள். நான் கத்துவதைப் பார்த்துக் கேலி செய்வாள் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்புத் துண்டங்களைக் கொண்டுவந்து வேலி மேல் வைத்தாள். "இந்தாங்கக்கா. மகத்துல இருக்கீங்க. விடாதீங்க" என்றாள்.

கடைசி வெடி எது என்று முடிந்த பிறகுதான் தெரிந்தது. மைக் வேறு யாருடைய பெயரையோ வாசித்தது, நாய் காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாய் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரர் வேலை முடிவதற்கு முன்பே யாரிடமோ சொல்லிவிட்டு வந்துவிட்டார். குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை, முகமெல்லாம் கரி. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க."

உள்ளே வரவில்லை. கேட்டுக் கம்பி வழியாக நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. கிட்டே போகவில்லை, ஓடவும் இல்லை. நின்ற இடத்தில் நின்று மூக்கை மட்டும் அவர் பக்கம் நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. "சரி, சரி. நான் குளிச்சிட்டு வர்றன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தோப்பு வழியாகப் பம்புக்குப் போனார்.

அவர் தங்கை வாழையிலைத் துண்டில் பிரசாதத்தோடு வந்தாள். "நங்கை, அங்க எல்லாரும் கேக்கறாங்க, இந்தப் பேருல எந்தப் புள்ளை ஊட்டுல இருக்குதுன்னு" என்று சிரித்தாள். பிறகு நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு நெற்றியில் சந்தனம் இட்டாள். அது நக்கித் துடைக்கப் பார்த்தது, நாக்கு எட்டவில்லை.

மறுநாள் சனிக்கிழமை வேன் வந்தது. தேங்காய் ஏற்றினார்கள், நாயை ஏற்றவில்லை. சிநேகிதர் காப்பி குடித்துவிட்டு மத்தியானத்துக்குள் மலைக்குக் கிளம்பிவிட்டார்.